ஐஸ் வைத்தால் ருசி ஓடிவிடும்!

இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர். காலை 9 மணி. மதுக்கடை இன்னும் திறக்கவில்லை. நாற்காலிகள் மேஜை மேல் கவிழ்ந்து கிடக்கின்றன.

கடைக்காரர் ஒரு சிறு கதவைத் திறக்கிறார். படி இறங்குகிறார். கீழே நிலவறை. செங்கல் சுவர். ஈரமான தரை. வரிசையாகப் படுத்துக் கிடக்கும் பீப்பாய்கள். ஆனால் அவர் கண் பீப்பாய்கள் மீது போகவில்லை. முதலில் சுவரைப் பார்க்கிறார். அங்கே ஒரு தெர்மாமீட்டர் தொங்குகிறது.

12 டிகிரி!

அவர் முகத்தில் நிம்மதி. இனி அன்றைய வேலையைத் தொடங்கலாம்.

தெர்மாமீட்டர் 18 என்று காட்டியிருந்தால்? அவருக்கு நஷ்டம். 4 என்று காட்டியிருந்தால்? அப்போதும் நஷ்டம்தான். வாடிக்கைக்காரர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளிப்பார்கள். "இன்றைக்கு இதில் ருசியே இல்லையே!" என்பார்கள்.

பீர் என்றாலே சில்லென்று இருக்க வேண்டும் என்பதுதானே நம்மில் பலருடைய எண்ணம்? விளம்பரப் படங்களில் கண்ணாடிக் கோப்பை மேல் பனித்துளி அரும்பி நிற்குமே! அப்படியிருக்க, இந்தக் கடைக்காரர் மட்டும் ஏன் 12 டிகிரிக்காக இத்தனை பாடுபடுகிறார்?

அது ஒரு பெரிய கதை. அந்தக் கதையில் ஒரு கொடி வருகிறது. கப்பல் வருகிறது. சென்னைக் கடற்கரையும் வருகிறது!

எவ்வளவு குளிர்?

12 டிகிரி சென்டிகிரேடு என்றால் எவ்வளவு என்று முதலில் பார்ப்போம்.

தண்ணீர் பனிக்கட்டியாக உறையும் நிலை 0 டிகிரி. வீட்டில் உள்ள பிரிட்ஜின் உட்புறம் சுமார் 4 டிகிரி. குளிர்காலத்தில் ஊட்டியில் காலையில் வெளியே வந்தால் உடம்பு நடுங்குகிறதே, ஏறக்குறைய அந்தக் குளிர்தான் 12 டிகிரி.

ஆகவே அது சூடு அல்ல. குளிர்ச்சிதான். ஆனால் பல்லைக் கூச வைக்கும் குளிர்ச்சி அல்ல.

"இங்கிலீஷ்காரர்கள் பீரைச் சூடாகக் குடிக்கிறார்கள்" என்று மற்ற நாட்டார் கேலி செய்வதுண்டு. இரண்டாவது உலக யுத்தத்தின்போது இங்கிலாந்தில் வந்து இறங்கிய அமெரிக்க சிப்பாய்கள் இப்படித்தான் முணுமுணுத்தார்கள். ஐஸ் போலக் குளிர்ந்த பீரைக் குடித்துப் பழகியவர்களுக்கு நிலவறைக் குளிர்ச்சி சூடாகத் தோன்றியது. அவ்வளவுதான்!

கசப்புக் கொடி

பீர் செய்ய நான்கு பொருள்கள் வேண்டும். முளை கட்டிக் காயவைத்த வாற்கோதுமை ஒன்று. தண்ணீர் ஒன்று. புளிக்க வைக்கும் ஈஸ்ட் ஒன்று. நான்காவது, 'ஹாப்ஸ்' என்ற பூ.

ஹாப்ஸ் ஒரு கொடி. அவரைக் கொடி போலப் பந்தலில் படர்வதில்லை. நெட்டுக்குத்தாகக் கட்டிய கயிற்றைச் சுற்றிக்கொண்டு 20 அடி உயரத்துக்கும் ஏறிவிடும். இதில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பெண் கொடியில் மட்டுமே பீருக்கு வேண்டிய பூ கிடைக்கும். பச்சை நிறத்தில், செதில் செதிலாக, கட்டைவிரல் நுனி அளவில் இருக்கும். பூவைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மஞ்சள் நிறப் பொடி. விரலில் ஒட்டும். அதை முகர்ந்தால் கமகமவென்று வாசனை. நாக்கில் வைத்தாலோ ஒரே கசப்பு!

அந்த மஞ்சள் பொடியில்தான் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. அதில் இரண்டு சரக்குகள் உண்டு. ஒன்று கசப்புச் சரக்கு. கொதிக்க வைத்தால்தான் அது பீரில் நன்றாக இறங்கும். மற்றொன்று வாசனை எண்ணெய். அதைக் கொதிக்க வைத்தால் ஆவியாகப் பறந்துவிடும்.

ஆகையால் கைதேர்ந்தவர்கள் ஹாப்ஸை இரண்டு தடவையாகப் போடுவார்கள். முதலில் கசப்புக்கு, நன்றாகக் கொதிக்க விடுவார்கள். பிறகு வாசனைக்கு, இறக்கும் சமயத்தில் போடுவார்கள். சில பீர்களில், ஆறிப் புளித்த பிறகும் ஒரு பிடி போடுவதுண்டு. நம் வீட்டில் ரசத்தை இறக்கிய பிறகு கொத்தமல்லியைக் கிள்ளிப் போடுகிறார்கள் அல்லவா? அதே யுக்திதான்.

வெறும் ருசிக்காக மட்டும் ஹாப்ஸைச் சேர்க்கவில்லை. பீரைக் கெடுக்கும் கிருமிகள் பலவற்றை அந்தக் கசப்பு வளர விடாது. ஜெர்மனியில் 12-ம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹில்டகார்ட் என்ற கன்னிமாடத் தலைவி இதைக் கவனித்திருக்கிறார். ஹாப்ஸின் கசப்பு பானங்களைக் கெடாமல் காக்கும் என்று எழுதி வைத்தார். பவேரியாவில் 1516-ல் ஒரு சட்டமே வந்தது. பீரில் வாற்கோதுமை, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறு எதையும் சேர்க்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். ஈஸ்டின் வேலை என்ன என்பது அப்போது யாருக்கும் சரியாகப் புரியாது!

பூப் பறிக்கப் போன குடும்பங்கள்

இங்கிலாந்தில் ஹாப்ஸ் தோட்டங்களுக்குப் பேர்போன இடம் கென்ட் ஜில்லா. செப்டம்பர் மாதம் அங்கே பூப்பறிப்புக் காலம்.

லண்டனின் கிழக்குப் பகுதி ஏழைகள் வாழ்ந்த இடம். செப்டம்பர் பிறந்தால் அங்கிருந்து தாய்மார்களும் குழந்தைகளும் மூட்டை முடிச்சுடன் கிளம்பிவிடுவார்கள். பாட்டிமார்களும் கூடவே வருவார்கள். அவர்களுக்கென்றே தனி ரயில்கள் ஓடின. தோட்டத்தில் சிறு சிறு குடிசைகள் இருக்கும். தரையில் வைக்கோலைப் பரப்பிப் படுப்பார்கள். வெளியே அடுப்பு மூட்டிச் சமைப்பார்கள்.

காலை முதல் மாலை வரை பூப் பறிக்க வேண்டும். விரல் எல்லாம் கறுத்துப்போகும். கொடியின் சுணை கையைக் கிழிக்கும். அளந்து பார்த்துக் கூலி கொடுப்பார்கள். கூலி கொஞ்சம்தான். ஆனாலும் அந்தக் குடும்பங்கள் சந்தோஷமாகப் போயின. புகை மண்டிய லண்டன் சந்துகளில் அடைபட்டுக் கிடந்த குழந்தைகளுக்கு வருஷத்தில் கிடைத்த திறந்த வெளி அது ஒன்றுதான். அந்தக் கூலியில்தான் மழைக்காலத்துக்குச் செருப்பும் கம்பளிச் சட்டையும் வாங்க வேண்டும்.

பிரசித்தி பெற்ற எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லும் 1931-ல் கென்டுக்குப் போய்க் கூலியாட்களுடன் சேர்ந்து ஹாப்ஸ் பறித்தார். அந்த அனுபவத்தைக் கட்டுரையாக எழுதினார்.

1960-களில் பூப் பறிக்கும் இயந்திரங்கள் பரவின. லண்டன் குடும்பங்களின் அந்தச் செப்டம்பர் பயணம் அத்துடன் நின்றது. பூவை உலர்த்தப் பயன்பட்ட கூம்புக் கூரைக் கட்டடங்கள் இன்றும் கென்டில் நிற்கின்றன. அவற்றில் பல இப்போது வீடுகளாக மாறிவிட்டன.

இந்தியாவுக்கு வந்த பீர்

இனி கப்பல் கதை.

கிழக்கிந்தியக் கம்பெனி காலம். இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரத் துரைமார்களுக்குத் தங்கள் ஊர் பீர் வேண்டும். ஆனால் இங்கே வெயில். அந்த நாளில் இங்கே பீர் காய்ச்சுவது நடக்கிற காரியமாக இல்லை. எனவே லண்டனிலிருந்து பீப்பாய் பீப்பாயாகக் கப்பலில் வந்தது.

அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். 4 மாதம் முதல் 6 மாதம் வரை ஆகும். பூமத்திய ரேகையைக் கப்பல் இரண்டு தடவை கடக்கும். கப்பலின் அடித்தட்டில் ஒரு நாள் குளிர், ஒரு நாள் புழுக்கம். இத்தனையும் தாங்கி பீர் கெடாமல் வர வேண்டுமே!

அதற்கு வழி? ஹாப்ஸை அள்ளிப் போடுவதுதான். வெயில் நாடுகளுக்கு அனுப்பும் பீரில் ஹாப்ஸ் கூடுதலாகச் சேர்க்க வேண்டும் என்பது 18-ம் நூற்றாண்டிலேயே தெரிந்த விஷயம்.

லண்டனில், கம்பெனிக் கப்பல்கள் நின்ற துறைக்குப் பக்கத்தில் 'போ' என்ற இடம். அங்கே ஜார்ஜ் ஹாட்ஸன் என்பவருடைய பீர் ஆலை இருந்தது. கப்பல் தலைவர்களுக்கு அவர் கடனாகவே பீர் கொடுத்தார். ஆகவே இந்திய வியாபாரம் வெகு காலம் அந்த ஆலையின் கையில் இருந்தது. பிற்காலத்தில் ஆலையை நடத்தியவர்கள் பேராசைப்பட்டார்கள். கப்பல்காரர்களை ஒதுக்கிவிட்டுத் தாங்களே இந்தியாவில் நேரடியாக விற்கத் தொடங்கினார்கள். கம்பெனிக்காரர்களுக்குக் கோபம் வந்தது.

1822-ல் கம்பெனி டைரக்டர் ஒருவர் பர்ட்டன் என்ற ஊரின் பீர் வியாபாரி சாமுவேல் ஆல்சாப்பை அழைத்துப் பேசினார். ரஷ்யாவுக்குப் பீர் அனுப்பி வந்த பர்ட்டன் ஊர் அப்போது திண்டாடிக்கொண்டிருந்தது. ரஷ்யா வரி போட்டு அந்த வியாபாரத்தையே முடக்கிவிட்டது. "இந்தியாவுக்கு அனுப்பிப் பாருங்களேன்!" என்றார் டைரக்டர். ஆல்சாப்பின் ஆலையில் ஜாப் குட்ஹெட் என்பவர் ஒரு தேநீர்க் கெண்டியில் முதல் மாதிரியைக் காய்ச்சினார் என்று ஒரு கதை சொல்வார்கள்.

கதை எப்படியோ, பீர் பிரமாதமாக அமைந்தது! காரணம் பர்ட்டன் தண்ணீர். அந்த ஊர் நிலத்தடியில் ஜிப்சம் என்ற சுண்ணாம்பு வகைக் கல் நிறைய இருக்கிறது. அதில் ஊறி வரும் கிணற்று நீர் ஹாப்ஸின் கசப்பை எடுப்பாகக் காட்டும். விரைவில் பர்ட்டன் பீர் லண்டன் பீரைத் தோற்கடித்தது. 'இண்டியா பேல் ஏல்' என்று பெயரும் நிலைத்தது. இன்று சுருக்கமாக 'ஐ.பி.ஏ.' என்கிறார்கள். உலகமெங்கும் விற்கிற ஒரு பீருக்கு இந்தியாவின் பெயர் வந்த விதம் இதுதான்.

சென்னைக்கு வந்த ஐஸ்

கப்பலிலிருந்து இறங்கிய பீர் கொதிக்கும் வெயிலில் நிற்கும். அதை எப்படிக் குடிப்பது?

கல்கத்தாவில் துரைமார் வீடுகளில் 'ஆப்தார்' என்று ஒரு வேலைக்காரர் இருப்பார். பானங்களைக் குளிர வைப்பது ஒன்றே அவர் வேலை. தண்ணீரில் வெடியுப்பைக் கரைப்பார். வெடியுப்பு கரையும்போது தண்ணீர் குளிர்ந்துவிடும். அதில் பாட்டிலை வைத்துச் சுழற்றிச் சுழற்றிக் குளிர வைப்பார்.

பிறகு ஓர் அதிசயம் நடந்தது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரைச் சேர்ந்த பிரெடரிக் டூடர் என்ற வியாபாரிக்கு ஒரு யோசனை தோன்றியது. குளிர்காலத்தில் அங்கே ஏரிகள் உறைந்துபோகும். அந்த ஐஸைப் பாளம் பாளமாக அறுத்து இந்தியாவுக்கு அனுப்பினால் என்ன?

1833-ம் ஆண்டு மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பல் சுமார் 180 டன் ஐஸுடன் புறப்பட்டது. மரத்தூளும் வைக்கோலும் போட்டு ஐஸை மூடியிருந்தார்கள். செப்டம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தபோது சுமார் 100 டன் உருகாமல் மிச்சம் இருந்தது! ஊரே திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது.

சென்னைக்கும் ஐஸ் வந்தது. அதைப் பத்திரப்படுத்தத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் 1842-ல் ஒரு கட்டடம் எழுந்தது. அதுதான் ஐஸ் ஹவுஸ்! பின்னாளில் இயந்திரத்தால் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் அந்த வியாபாரம் படுத்தது. கட்டடம் பிலிகிரி ஐயங்கார் கைக்கு வந்தது. 1897-ல் வெளிநாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். அமெரிக்க ஏரி ஐஸைச் சேமித்த இடத்தில் இன்று ஆன்மிகப் புத்தகங்கள் இருக்கின்றன.

இயந்திரம் வந்தது

ஐஸுக்கு ஏங்கியவர்கள் இந்தியாவில் இருந்த துரைமார் மட்டும் அல்ல. பீர் ஆலைக்காரர்களும் ஏங்கினார்கள்.

ஜெர்மனியில் 'லாகர்' என்று ஒரு வகை பீர் உண்டு. லாகர் என்றால் சேமிப்பு. குளிர்ந்த இடத்தில் வாரக்கணக்கில் வைத்திருந்துதான் அதைப் பக்குவம் செய்ய வேண்டும். கோடையில் பீர் கெட்டுவிடும் என்பதால் பவேரியாவில் 1553-ல் கோடைக் காலத்தில் பீர் காய்ச்சவே தடை போட்டார்கள்!

பொஹீமியாவில் பில்சன் என்ற ஊரில் 1842-ல் யோசப் க்ரோல் என்பவர் பொன்னிறமான ஒரு லாகரைக் காய்ச்சினார். அதில் ஸாட்டெக் என்ற பக்கத்துச் சீமையில் விளையும் நேர்த்தியான ஹாப்ஸைச் சேர்த்தார்கள். அந்த ஸாட்டெக் ஹாப்ஸ் வட்டாரத்தை 2023-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

லாகரின் பெயர் பரவப் பரவ, குளிர்ச்சிக்குத் தேவை அதிகமாயிற்று. மூனிச் நகரில் கார்ல் லிண்டே என்ற பேராசிரியர் குளிர்சாதன இயந்திரம் செய்ய முனைந்தார். அவருக்கு ஊக்கம் கொடுத்தவர்கள் பீர் ஆலைக்காரர்களே. 1876-ல் அமோனியாவைக் கொண்டு வேலை செய்யும் இயந்திரம் உருவாயிற்று. இன்று நம் வீட்டில் பாலும் மாவும் வைக்கிறோமே பிரிட்ஜ், அதன் பரம்பரையில் பீர் ஆலைக்கும் ஓர் இடம் உண்டு!

இயந்திரம் வந்தபின் எந்த ஊரிலும், எந்தக் கோடையிலும் பீரை ஐஸ் போலக் குளிர வைக்கலாம் என்று ஆயிற்று. அங்கேதான் சண்டையும் பிறந்தது.

நாக்கும் மூக்கும்

குளிர்ச்சி கூடினால் என்ன கெட்டுப்போகிறது?

இதைத் தெரிந்துகொள்ளப் பீர் வேண்டாம். வீட்டிலேயே சோதனை செய்து பார்க்கலாம். ஒரே பாயசத்தை இரண்டு கிண்ணத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை வெளியே ஆற வையுங்கள். மற்றொன்றைப் பிரிட்ஜில் வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து ருசி பாருங்கள். பிரிட்ஜில் வைத்த பாயசத்தில் தித்திப்பு குறைந்தது போல இருக்கும். சர்க்கரை குறையவில்லை. நாக்குதான் மரத்துப்போயிற்று!

ருசியை மூளைக்கு அறிவிக்க நாக்கில் நுண்ணிய வாசல்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு வகை வாசல், சூடு ஏற ஏற மும்முரமாக வேலை செய்யும். குளிர்ந்தால் சோம்பிவிடும். பெல்ஜியம் நாட்டு லூவன் சர்வகலாசாலையைச் சேர்ந்த விஞ்ஞானிகள் 2005-ல் இதை விளக்கினார்கள். உருகிய ஐஸ்கிரீம் ஏன் தெவிட்டுகிறது என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது.

மூக்கின் கதை இன்னும் முக்கியம். மல்லிகைச் சரத்தைப் பிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே முகர்ந்து பாருங்கள். வாசனை மந்தமாக இருக்கும். கூந்தலில் வைத்துச் சிறிது நேரம் ஆனால்தான் அறை எல்லாம் மணக்கும். வாசனை என்பது ஆவி. குளிரில் ஆவி எழும்பாது.

ஹாப்ஸின் வாசனை எண்ணெயும் அப்படித்தான். பூ வாசனை, எலுமிச்சைத் தோல் வாசனை, பச்சிலை வாசனை என்று அதில் பல உண்டு. 3 டிகிரியில் பீரைக் கொடுத்தால் அந்த வாசனைகள் பெரும்பாலும் பீருக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். வாற்கோதுமையின் தித்திப்பும் மங்கிவிடும். வெறும் கசப்பும் சில்லிப்பும் மட்டும் மிஞ்சும். இவ்வளவு பாடுபட்டு வளர்த்து, பறித்து, உலர்த்திய பூவுக்கு என்ன பயன்?

இன்னொன்றும் நடக்கும். அதிகம் குளிர்ந்தால் சில பீர்களில் புரதமும் துவர்ப்புச் சத்தும் ஒன்றாகச் சேர்ந்து பீர் கலங்கிவிடும். சூடு ஏறினால் மறுபடி தெளியும்.

சரி, சூடாகக் கொடுத்தால்? அதுவும் தவறு! குளிர்ந்த திரவத்தில்தான் வாயு தங்கும். சூடானால் வாயு ஓடிவிடும். சோடா போலச் சுருக்கென்று இருக்க வேண்டியது சப்பென்று ஆகிவிடும். தித்திப்பு திகட்டும். சாராய நெடி மூக்கில் ஏறும்.

ஆகவே மிதமே மேல்! மட்டரகமான, வாசனை இல்லாத லாகரை 3, 4 டிகிரியில் கொடுத்தாலும் குடி முழுகிவிடாது. காட்ட வேண்டிய ருசி அதில் கொஞ்சம்தான். பில்சன் வகைக்கு சுமார் 7 டிகிரி. பாட்டிலில் வரும் ஐ.பி.ஏ. போன்ற ஹாப்ஸ் மிகுந்த பீருக்கு 7 முதல் 10 டிகிரி. நிலவறைப் பீப்பாய் பீருக்கு 11 முதல் 13 டிகிரி. அனுபவசாலிகள் சொல்லும் கணக்கு இது.

வைப்பது வேறு, கொடுப்பது வேறு

இங்கே ஒரு குழப்பம் வரும். கோப்பையில் ஊற்றும்போது அதிகக் குளிர்ச்சி கூடாது என்றால், பாட்டிலை அலமாரியில் வைத்தால் போதும் அல்லவா?

போதாது! ஹாப்ஸ் வாசனைக்கு உஷ்ணம் ஜன்ம விரோதி. பீர் வியாபாரிகளிடம் '3, 30, 300' என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. 32 டிகிரி வெயிலில் 3 நாள் கிடந்தால் பீருக்கு எவ்வளவு கேடு வருமோ, அதே கேடு 22 டிகிரியில் 30 நாளில் வரும். 3 டிகிரியில் வைத்தால் 300 நாள் ஆகும். ஆகையால் பாட்டிலைக் குளிரில் வைக்க வேண்டும். கொடுப்பதற்குச் சிறிது நேரம் முன்னால் வெளியே எடுக்க வேண்டும்.

வெளிச்சமும் ஆகாது. வெயில் பட்டால் ஹாப்ஸின் கசப்புச் சத்து சிதைந்து துர்நாற்றம் வீசும். பீர் பாட்டில் பழுப்பு நிறத்தில் இருப்பது அழகுக்காக அல்ல. வெளிச்சத்தைத் தடுக்கத்தான்!

நான்கு நண்பர்கள்

1960-களில் இங்கிலாந்தில் பீப்பாய் பீருக்குக் கெட்ட காலம் வந்தது.

பெரிய ஆலைகள் புது முறை ஒன்றைப் பரப்பின. பீரை வடிகட்டி, சூடு காட்டி, உயிருள்ள ஈஸ்டை நீக்கி, உலோகக் கலத்தில் அடைத்து, வாயுவைச் செலுத்தி, நன்றாகக் குளிர வைத்து விற்றார்கள். அது கெடாது. பக்குவம் பார்க்க வேண்டியதில்லை. யார் வேண்டுமானாலும் குழாயைத் திருப்பலாம். லாபமும் நிச்சயம்.

நிலவறைப் பீப்பாய் அப்படி அல்ல. அதில் ஈஸ்ட் உயிரோடு இருக்கும். கடைக்கு வந்த பிறகும் பீர் பக்குவமாகிக்கொண்டே இருக்கும். முதலில் பீப்பாயை அசையாமல் படுக்க வைக்க வேண்டும். மேல் துளையில் மெல்லிய மர ஆப்பைச் செருகி அதிக வாயுவை வெளியேற்ற வேண்டும். வாயு அடங்கியதும் கெட்டி ஆப்பைச் செருக வேண்டும். ஓரிரு நாளில் வண்டல் அடியில் தங்கும். அதன் பிறகே விற்கலாம். திறந்துவிட்டால் மூன்று நாளைக்குள் தீர்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் புளித்துப்போகும்.

ஒரு சிறு பீப்பாயில் 72 பைண்ட் இருக்கும். அதாவது சுமார் 41 லிட்டர். நிலவறை சூடானால் பீப்பாய் இன்னும் சீக்கிரம் கெடும். பாதியைச் சாக்கடையில் கொட்ட வேண்டியதுதான். சின்னக் கடைக்காரருக்கு அந்த நஷ்டம் தாங்குமா? "இந்த வம்பே வேண்டாம்" என்று பலர் பீப்பாயைக் கைவிட்டார்கள். பழைய பீர் வகைகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

1971-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த நான்கு நண்பர்கள் அயர்லாந்துக்கு விடுமுறைக்குப் போனார்கள். பேச்சோடு பேச்சாக, "நம் ஊர் பீர் இப்படி ஆகிவிட்டதே!" என்று வருத்தப்பட்டார்கள். வருத்தத்தோடு விடாமல் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அதற்குக் 'காம்ரா' என்று பெயர். நான்கு பேரில் தொடங்கிய சங்கத்தில் பிற்பாடு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். பெரிய ஆலைகளும் வழிக்கு வந்தன. பீப்பாய் பீர் பிழைத்தது.

அமெரிக்காவிலும் காற்று திரும்பியது. 1970-களில் 'காஸ்கேட்' என்ற புது ஹாப்ஸ் ரகம் அங்கே வந்தது. அதில் பம்பளிமாஸ் பழ வாசனை வீசும். சின்னச் சின்ன ஆலைக்காரர்கள் அதைக்கொண்டு வாசனை மிகுந்த பீர்களைச் செய்தார்கள். ஐஸ் பீருக்குப் பேர்போன நாட்டிலேயே, "கொஞ்சம் குளிர் விட்டபின் குடியுங்கள்" என்று சொல்லத் தொடங்கினார்கள்!

கடைக்காரரின் கவலை

பிழைத்தது என்றால் கவலை தீர்ந்தது என்று அர்த்தம் அல்ல. இங்கிலாந்தில் சிறு மதுக்கடைகள் மூடப்படுவது நின்றபாடில்லை. கூட்டம் குறைந்தால் பீப்பாய் மூன்று நாளில் தீராது. தீராவிட்டால் ருசி கெடும். ருசி கெட்டால் இன்னும் கூட்டம் குறையும். இந்தச் சுழலில் சிக்கிய கடை கரையேறுவது கஷ்டம்.

நாம் காலையில் பார்த்த கடைக்காரர் தெர்மாமீட்டரை முதலில் பார்த்தது அதனால்தான். அது அவருக்கு விளையாட்டு அல்ல. பிழைப்பு.

அந்தக் காலத்தில் நிலவறையின் குளிர்ச்சியே போதுமாக இருந்தது. பூமிக்கு அடியில் கோடையிலும் குளிர்காலத்திலும் அதிக வித்தியாசம் இல்லை. இப்போது குளிர்சாதன இயந்திரம் வைத்துக் காக்கிறார்கள். பக்குவத்தைச் சோதித்து நற்சான்று கொடுக்கும் அமைப்பும் உண்டு. அதன் பரிசோதகர் திடீரென்று வந்து கோப்பையில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்ப்பார்!

கடைக்காரர் வாரத்துக்கு ஒரு முறை குழாய்களைக் கழுவுகிறார். இரவெல்லாம் குழாயில் தங்கிச் சூடேறிய பீரைக் காலையில் இறைத்துக் கொட்டிவிடுகிறார். முதல் கோப்பையை விளக்குக்கு நேரே தூக்கித் தெளிவு பார்க்கிறார். முகர்கிறார். ஒரு வாய் சுவைக்கிறார். பிறகுதான் கதவைத் திறக்கிறார்.

மதுவினால் உடலுக்கும் குடும்பத்துக்கும் வரும் கேடு எந்த டிகிரியிலும் குறைவதில்லை. அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் இந்தக் கடைக்காரரிடம் எல்லோரும் கற்றுக்கொள்ளக் கூடிய பாடம் ஒன்று இருக்கிறது. ஒரு பொருளை நன்றாகச் செய்தால் மட்டும் போதாது. அதைப் பதத்தோடு கொண்டுபோய்க் கொடுக்கவும் வேண்டும். காப்பி ஆறினாலும் கெட்டது; மோர் சூடானாலும் கெட்டது. எத்தனையோ பேருடைய உழைப்பு கடைசியில் ஒருவர் கையில் வந்து நிற்கிறது. அவர் கவனம் தவறினால் அத்தனையும் வீண்.

இரவு 11 மணி. கடைசி வாடிக்கைக்காரரும் போய்விட்டார். கடைக்காரர் நாற்காலிகளை மேஜை மேல் கவிழ்க்கிறார். விளக்கை அணைப்பதற்கு முன் ஒரு தடவை நிலவறைக்கு இறங்குகிறார்.

சுவரைப் பார்க்கிறார்.

12 டிகிரி!

இனி அவர் நிம்மதியாகத் தூங்கலாம்.